கடைசி நான்கு பக்கங்கள்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டால் கேளுங்கள். கண்புரை ஆபரேஷன் முடிந்த கையோடு கதைப் புத்தகம் படிக்க உட்காராதீர்கள். இத்தனை வருஷம் மங்கலாகக் கிடந்ததெல்லாம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிடும். டாக்டர் கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதித் தருவார். மற்றதற்கு அவர் பொறுப்பில்லை.

போன மாதம் பெரம்பலூரில் நடந்த புத்தகக் கண்காட்சியிலிருந்து பேத்தி எனக்கு மூன்று புத்தகம் வாங்கி வந்தாள். முதலாவது, தன்னைத் தேடி மோட்டார் சைக்கிளில் இமயமலைக்குப் போன ஒரு பிள்ளையாண்டான் எழுதியது. முடிவில் தான் வீட்டில்தான் இருப்பதாகக் கண்டுபிடிக்கிறான். அவன் அம்மாவைக் கேட்டிருந்தால் கிளம்புவதற்கு முன்பே சொல்லியிருப்பாள். இரண்டாவதில் ஒரு தாயும் மகளும் முந்நூறு பக்கத்துக்குப் பேசிக்கொள்வதே இல்லை. ஆனாலும் அந்தத் தாய், மகள் விட்டுப்போன பழைய செருப்பைத் துடைத்துத் துடைத்து வைக்கிற இடம் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் படிப்பது என் வழக்கம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், இது கெட்ட பழக்கம் என்று எனக்குத் தெரியும். பேத்தி கேலி செய்வாள். மூன்றாவது புத்தகத்தில் மட்டும் என்னால் அது முடியவில்லை. பதினோரு நாள் அதைத் திறக்காமல் தலைமாட்டில் வைத்திருந்தேன். வழவழ அட்டையில் ஒரு கப்பல் படம். அந்தக் காலத்துத் தொடர்கதைகளைத் தேடிப் பிடித்து இப்போது மறுபடியும் அச்சடிக்கிறார்களாம். கதையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் வாங்கிப் படித்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள்.

அதே கதையை நான் பத்து வயதில் படித்திருக்கிறேன். கடைசி நான்கு பக்கங்களைத் தவிர.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அரிசி கண்ணில் படாது. மூன்று வேளையும் வரகுச் சோறும் சோளக் கூழும்தான். ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரில் பாதிக்கு மேல் எங்களைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், வெள்ளாமை செய்து பிழைப்பவர்கள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்து. அம்மாவுக்கு இடுப்பில் எப்போதும் ஒரு குழந்தை இருக்கும், உடம்புக்கு ஏதாவது ஒன்று இருக்கும். அதனால் என்னை வளர்த்தவள் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணமாகி எட்டு மாதம் புருஷனோடு இருந்தாள். அவர் ரங்கூனுக்கு அரிசி ஆலை வேலைக்கென்று கப்பல் ஏறினார். இரண்டு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு குண்டு போட்ட செய்திதான் வந்தது. அத்தை ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. என் தலையை வாரிப் பின்னுவது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்வது எல்லாம் அவள்தான். இருவருக்கும் ஒரே பாய். அவள் விரல்களில் எப்போதும் விளக்கெண்ணெய் வாசம் இருக்கும். ஊரே அவளைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான் மட்டும், அந்த மனுஷன் வராமலே இருந்தால் தேவலை என்று நினைத்திருக்கிறேன். குழந்தை மனசு வெள்ளை மனசு என்று யாராவது சொன்னால் நான் வாயைத் திறப்பதில்லை.

அந்தத் தை மாதத்தில் ஒரு தகவல் வந்தது. பெரம்பலூர் கடைவீதியில் ஒரு பாய், ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்திருக்கிறார், எங்கள் பக்கத்து ஆள் ஒருவரை வழியில் பார்த்தாராம் என்று. அப்பா வண்டி கட்டினார். வயசுப் பெண்ணைத் தனியாகக் கூட்டிப்போகக் கூடாதென்று துணைக்கு என்னையும் ஏற்றினார்கள். அரியலூர் வரை மாட்டு வண்டி. அங்கிருந்து கரி பஸ். பெட்ரோல் இல்லாத காலம், பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக் கரியைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றி ஊதுவார்கள். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளவேண்டும். பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது அத்தையின் நல்ல சேலை முழுக்கக் கரித்தூள்.

பாய் மெலிந்து எலும்பாக இருந்தார். எங்களை உட்காரவைத்துப் பானகம் கொடுத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஏலாக்குறிச்சிப் பக்கத்து வேதக்காரருன்னு சொன்னாரும்மா. அரிசி மில்லுல இருந்தேன்னாரு. பேதியும் காச்சலும். ரெண்டு நாளு தூக்கிட்டுத்தான் வந்தோம். மூணா நாளு மவுத்தாயிட்டாரு. மண்ணு தள்ளி, ரெண்டு குச்சிய உங்க வழக்கப்படி கட்டி வச்சிட்டு வந்தோம். அல்லா மேல ஆணையா, விட்டுட்டு ஓடி வரல.”

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவருக்கு மூக்கு மேல ஒரு தழும்பு இருக்குமுங்க. குறுக்கால. பாத்தீங்களா?”

பாய் ரொம்ப நேரம் யோசித்தார். நல்ல மனுஷன், பொய் சொல்ல வரவில்லை.

“தாடி மண்டிப் போயி மொகமே தெரியலம்மா. எங்க எல்லாருக்கும் அப்புடித்தான். தழும்பு பாத்த ஞாபகம் இல்ல.”

திரும்பி வரும் வழியெல்லாம் அத்தை அந்த ஒரு பேச்சையே பிடித்துக்கொண்டு வந்தாள். மில்லில் வேலை பார்த்த வேதக்காரன் இவர் ஒருத்தர்தானா, தழும்பைப் பார்க்கவில்லை என்றுதானே சொன்னார் என்று. அப்பா மாட்டை மட்டும் அதட்டினார்.

அப்பா எங்கள் மாதா கோவில் சுவாமியாரிடம் போனார். சுவாமியார் எல்லாவற்றையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். சாட்சி போதும், பெண்ணுக்கு மறுமணம் செய்து வைக்கலாம் என்று பதில் வந்தது. மாப்பிள்ளையும் தயாராக இருந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். வரதராஜன்பேட்டைக்காரர். மனைவி செத்து மூன்று வருஷம். ஏழு வயதில் ஒரு பெண், ஊரில் அவர் தாயாரிடம் வளர்ந்தது. வாத்தியார் அதிர்ந்து பேசமாட்டார். பிரம்பை மேஜைமேல் வைத்திருப்பார், எடுத்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் சித்திரையில் மூடியதும் சொந்த ஊருக்கே மாற்றலாகிப் போகிறார், அதற்குள் அத்தை சரியென்றால் பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்துக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள் தபசுக் காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. ஆக, அத்தைக்கு யோசிக்க நாற்பது நாள் இருந்தது.

அத்தைக்கு வாத்தியாரைப் பிடிக்காமல் இல்லை. அவர் தெருவில் போனால் முந்தானையைச் சரிசெய்வாள், எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. ஒருநாள் எனக்குப் பேன் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்.

“நான் சரின்னு சொன்னா, கல்லறைத் திருநாளுக்கு செத்தவங்க பேரு வாசிக்கிற லிஸ்டுல அவரு பேர நான்தான் அண்ணி குடுக்கணும். உசுரோட இருக்குற மனுசனா இருந்தா? நானே மண்ணு போட்ட மாதிரி ஆயிடாதா?”

“அதுக்காவ இப்புடியே காஞ்சு போவியா?” என்றாள் அம்மா.

“ஏதாச்சும் ஒரு அடையாளம் கெடைச்சா போதும். இப்புடின்னோ அப்புடின்னோ மாதா காட்டட்டும்.”

எனக்கு வேறு பயம். வாத்தியாரின் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கும் தலைமுடி இருக்கும். அத்தை அதை வாரிப் பின்னுவாள். நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்கவும் யாருமில்லை. கல்யாணம் என்றால் பிள்ளைகளுக்குப் பலகாரம் கிடைக்கும், சந்தோஷம்தானே என்று பெரியவர்கள் நினைத்தார்கள்.

தபசு தொடங்கும் விபூதிப் புதன் முடிந்த மறுநாள் வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். துணியட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். பத்திரிகையில் வாரா வாரம் வந்த கதையை அவரே வெட்டி எடுத்துத் தைத்துப் பசை போட்டு ஒட்டியது.

“ஒங்க அத்தைக்குக் கதை கேக்கப் புடிக்குமாமே. நீ வாசிச்சுக் காட்டு. நடுவுல நிறுத்திடாத பாப்பா. கடேசி வரைக்கும் வாசிக்கணும். கடேசிப் பக்கந்தான் முக்கியம்.”

இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது. அதைப் பார்த்தேன், அர்த்தம் புரிந்துகொள்ள எனக்கு அறிவில்லை.

தபசுக் காலத்தில் வீட்டில் கதைப் புத்தகம் திறந்தால் அப்பா முதுகுத் தோலை உரித்துவிடுவார். அந்த நாற்பது நாளும் எங்கள் ஊரில் ஒரே ஒரு வாசிப்புதான். ஆண்டவர் பட்ட பாடுகளை ராகம் போட்டு வாசிப்பது. எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் பாயில் உட்கார்ந்து வாசிப்பார். ஒவ்வொரு வாக்கியமும் தணிந்த குரலில் தொடங்கி, நடுவில் ஏறி, கடைசி எழுத்தை இழுத்து இழுத்து அழுகையாக இறக்கவேண்டும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். முடிந்ததும் எல்லாரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். எங்கள் தெருவில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்தி. அந்த வருஷம் எங்கள் வீட்டு வாசிப்பை என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள். அதனால் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

கதையையும் நான் அதே ராகத்தில்தான் வாசித்தேன். அப்பா காதில் விழுந்தால் ஆபத்தில்லை என்பது ஒரு காரணம். உரக்க வாசிக்க எனக்கு வேறு விதம் தெரியாது என்பது இன்னொன்று.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மத்தியான நேரத்தில் உட்காருவோம். பங்குனிப் புளி உலுக்கிக் குவித்திருக்கும். அத்தை ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டித் தட்டி எடுப்பாள். கையெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். “புளிக் கையோட நான் அதத் தொடமாட்டேன், நீயே பக்கம் திருப்பு” என்பாள். பக்கத்தில் எருமை அசைபோட்டுக்கொண்டு நிற்கும். எனக்கு இன்றைக்கும் புதுப் புளி வாசம் அடித்தால் தொண்டை இழுத்து அந்த ராகம் வந்துவிடுகிறது.

கதை இதுதான். கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு பெண். புருஷன் கப்பலில் போகிறான், கப்பல் முழுகிப்போகிறது. இவள் தினமும் தபாலாபீசுக்குப் போய்க் கடிதம் வந்ததா என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அந்தப் போஸ்ட்மாஸ்டருக்கே மனம் நொந்துபோகிறது. வாத்தியார் எதற்காக இதைக் கொடுத்தார் என்று உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. புரியக்கூடியவளுக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரிந்தவளுக்கு வயது பத்து.

இரண்டாம் நாளே அத்தை கேட்டாள்.

“இது நடந்ததா புள்ள?”

“அச்சுல போட்டிருக்கே அத்த. நடக்காமயா போடுவாங்க?”

அவளுக்கு அது போதும். எங்கள் வீட்டுக்குள் அதுவரை நுழைந்த அச்சுப் புத்தகமெல்லாம் ஜெபப் புத்தகமும் ஞானோபதேசமும்தான். அச்சில் வந்ததில் பொய் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு நாளும் நான் நிறுத்தியதும் அவள் புளிக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வாள்.

அப்பா ஒருநாள் கொட்டகைக்கு வைக்கோல் எடுக்க வந்தார். நான் புத்தகத்தை மடியில் சாய்த்துக்கொண்டு இழுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுச் சிறிது நேரம் நின்றார். போகும்போது அம்மாவிடம் சொன்னது கேட்டது.

“புள்ளைக்கு என்னா பக்தி பாத்தியா. மத்தியானத்துலயும் பாடு வாசிக்கிது.”

நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அத்தை சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு வாரத்தில்தான் அதிகம். போஸ்ட்மாஸ்டர் அந்தப் பெண்ணுக்குக் குடை கொடுத்தனுப்புகிற அத்தியாயம் வந்தபோது, “பாவம், நல்லவரா இருக்காரு” என்றாள். கொட்டை தட்டுகிற கை நின்றுபோயிருந்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. திக்காமல் வாசிப்பதற்காக மறுநாள் பகுதியை முன்கூட்டியே படித்து வைப்பது என் வழக்கம். அன்றைக்குப் புத்தகத்தைக் கோவில் கிணற்றடிக்கு எடுத்துப்போய்க் கடைசிக்குப் புரட்டினேன். மணமாலை என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. அதற்கு மேல் இரண்டு வரி. அந்தப் பெண் போஸ்ட்மாஸ்டரைக் கட்டிக்கொள்கிறாள். டப்பென்று மூடிவிட்டேன். மிச்சப் பக்கங்களைப் படிக்கவில்லை. வாத்தியாரின் காது சிவந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் அத்தையைக் கூட்டிப்போகத்தான் இந்தப் புத்தகத்தை அனுப்பியிருக்கிறார், அதையும் என் வாயாலேயே வாசிக்க வைக்கிறார் என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் முடிவை வாசித்தேன். ‘வாசித்தேன்’ என்று சொல்வதே தப்பு. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணை எழுத்தின் மேல் ஓட்டிக்கொண்டு, அதில் இல்லாததைச் சொன்னேன். அந்த ராகத்தில் ஒரு வசதி உண்டு. கடைசி எழுத்தை இழுக்கிற நேரத்தில் அடுத்த வாக்கியத்தை யோசித்துக்கொள்ளலாம். ஒரு காலை வேளையில் கரையில் ஒரு தோணி வந்து ஒதுங்கியது. அதிலிருந்து ஒரு மனிதன் இறங்கினான். அவன் முகம் முழுக்கத் தாடி மண்டியிருந்தது.

தட்டுகிற சத்தம் நின்றது.

“தாடியா?”

“ஆமா அத்த. மொகமே தெரியாத அளவுக்குத் தாடி.”

“அப்பறம்?”

அங்கேயே நிறுத்தியிருந்தால்கூடப் போதும். நான் நிறுத்தவில்லை. அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண் மட்டும் கிட்டே போய்ப் பார்த்தாள். அவன் மூக்கின் மேல் குறுக்காக ஒரு தழும்பு இருந்தது. இதையும் இழுத்து, இறக்கி, அழுகையாக முடித்தேன்.

அத்தை முகத்தை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. புளியும் நாருமாக இருந்த கையோடு நெற்றியையும் நெஞ்சையும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். நெற்றியில் புளி ஒட்டியிருந்தது.

“மாதாவே, தழும்புகூடப் போட்டிருக்கே” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “இந்த எடத்த மட்டும் சுவாமியாருகிட்டக் குடுத்து இன்னொருக்கா வாசிக்கச் சொல்லிக் கேக்கணும் புள்ள” என்றாள்.

அவள் கை கழுவப் போன நேரத்தில் மணமாலையில் தொடங்கும் கடைசி இரண்டு தாளையும் கிழித்துக் கழுநீர்த் தொட்டியில் போட்டேன். எருமை கழுநீரோடு சேர்த்து மென்றது. நான்கு பக்கம் போக எவ்வளவு நேரம் ஆகும். அத்தை திரும்பி வந்து தேடியபோது, அந்தத் தாள் தையல் விட்டுக் காற்றில் போய்விட்டது என்றேன். நம்பினாள். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்.

பாஸ்காவுக்கு மறுநாள் அத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

“எனக்கு அடையாளம் கெடைச்சிருச்சுண்ணே. அவரு வருவாரு. நான் இருந்துக்கறேன்.”

அப்பா திட்டினார், கெஞ்சினார். என்ன அடையாளம் என்று கேட்டதற்கு அவள் சொல்லவில்லை. தபசில் கதைப் புத்தகம் படித்ததைச் சொன்னால் எனக்கு அடி விழும் என்று என்னைக் காப்பாற்றினாள். “கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டல” என்று அம்மா மூக்கைச் சிந்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். எல்லாரும் அத்தைக்குப் பிடிவாதம் என்று முடிவு கட்டினார்கள். கடைசி வரை ஊரில் அவளுக்கு அந்தப் பேர்தான்.

வாத்தியார் ஊருக்குக் கிளம்புகிற அன்று அத்தை புத்தகத்தை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, கூடவே ஒரு உருண்டை புதுப் புளியும் வைத்து என்னிடம் கொடுத்தாள்.

“முடிவு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. அவரு மனசுல ஒண்ணும் வச்சிக்க வேணாம்னு சொல்லு.”

பள்ளிக்கூட வாசலில் வண்டியில் அவர் பெட்டி ஏறியிருந்தது. புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். நேராகக் கடைசிக்குத்தான் புரட்டினார். கிழிந்த ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குப் பல் பல்லாக நின்றது. அதன் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார்.

“அத்தையா கிழிச்சாங்க?”

நான் அழுதிருக்கலாம். ஓடியிருக்கலாம். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“சரி பாப்பா. வாசிச்சிருக்காங்க, அதுவே போதும்” என்றார். புத்தகத்தை மூடினார். புளி உருண்டையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே வண்டியில் ஏறினார். அத்தை சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று பல வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன்.

இப்போது புத்தகங்களில் எல்லாரும் எல்லாரையும் மன்னித்துவிடுகிறார்கள். இரண்டாவது புத்தகத்துத் தாயும் மகளும்கூடக் கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கு அது சுலபமாக இருக்கிறது. எனக்கு மன்னிப்புக் கேட்க ஆட்கள் இருந்த காலத்தில் வாய் வரவில்லை.

அத்தை காத்திருந்தாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் செத்தவர்கள் பெயரைக் கொடுக்கும்போது அப்பா அவளைப் பார்ப்பார். அவள் கோவில் கூரையைப் பார்ப்பாள். நான் படித்து, டீச்சராகி, கல்யாணமாகிப் போனேன். பர்மாவிலிருந்து அகதிகள் கப்பல் கப்பலாக வந்த சமயத்தில், அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். சோற்று மூட்டை கட்டிக்கொண்டு போவாள். ரயில் வந்தால் எழுந்து, இறங்குகிறவர்களில் தாடி வைத்தவர்களைக் கிட்டே போய்ப் பார்ப்பாளாம். ஸ்டேஷனில் பைத்தியம் என்று நினைத்திருக்கிறார்கள். அப்பா எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய்த்தான் கூட்டிவந்தேன். வண்டியில் வரும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இருபது வருஷம் காத்திருந்தவளிடம் எதைச் சொல்வது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

சாகும்போது அவளுக்கு எழுபது தாண்டியிருந்தது. பார்வை போய்விட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தத் தோணி வர்ற எடத்த ஒருக்கா வாசியேன்” என்றாள். பக்கத்தில் ஜெபப் புத்தகம்தான் இருந்தது. அதை விரித்து வைத்துக்கொண்டு அதே ராகத்தில், தோணி, தாடி, தழும்பு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வாசித்தேன். பத்து வயதில் சொன்ன பொய்யை அறுபது வயதை நெருங்கும்போது இன்னும் நன்றாகச் சொல்ல வந்தது. அவள் கை நெற்றிக்குப் போகப் பார்த்து, போக முடியாமல் நின்றது. அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் இரண்டு பேருடைய பெயரையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

நேற்று, பன்னிரண்டாம் நாள், மூன்றாவது புத்தகத்தைத் திறந்தேன். முதலிலிருந்து படித்தேன். குடை வந்தது, தபாலாபீஸ் வந்தது. மணமாலை என்ற வார்த்தையும் வந்தது. மிச்சமெல்லாம் கல்யாணச் சடங்காகத்தான் இருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்த நான்கு பக்கத்தில் இருந்தது வேறு.

கல்யாணமாகி வீட்டுக்கு வந்த பெண், முதல் புருஷனுடைய படத்தைப் பெட்டிக்குள் துணிக்கடியில் ஒளித்து வைக்கிறாள். போஸ்ட்மாஸ்டர் அதைப் பார்த்துவிடுகிறார். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய், சுத்தியலும் ஆணியும் வாங்கி வருகிறார். கூடத்துச் சுவரில், அவள் கண் படுகிற உயரத்தில் ஆணி அடித்து, அந்தப் படத்தை அவரே மாட்டுகிறார். அவர் செத்துப்போனார் என்று நீ யாரிடமும் சொல்லவேண்டாம், வந்தால் இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்கிறார். அவ்வளவுதான். கதை அங்கே முடிகிறது.

அத்தைக்கு இருந்தது ஒரே பயம். அதற்குப் பதிலை வாத்தியார் அச்சில் தேடி, வெட்டி, தைத்து, ஒட்டி என் கையில் கொடுத்திருக்கிறார். கடைசிப் பக்கந்தான் முக்கியம் என்று இரண்டு தடவை சொன்னார். நான் அதை எருமைக்குப் போட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பிறகு மாட்டிக்கொண்டு அந்த நான்கு பக்கத்தையும் உரக்க வாசித்தேன். நான் நினைத்து எடுக்கவில்லை, ராகம் தானாக வந்தது. தணிந்து தொடங்கி, நடுவில் ஏறி, கடைசி எழுத்தை இழுத்து இறக்கினேன். ஆணி அடிக்கிற இடத்தில் குரல் உடைந்தது. அந்த ராகத்தில் குரல் உடைந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஒரு வரி கூட்டவில்லை, ஒரு வரி குறைக்கவில்லை. முடித்துவிட்டு எதிரே பார்த்தேன். கட்டிலும் சுவரும்தான் இருந்தன.

பேத்தி அறை வாசல் வரை வந்து நின்றது தெரிந்தது. போனில் யாரிடமோ குரலைத் தணித்துச் சொன்னாள்.

“அப்பாயி ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்காங்க. முடியட்டும்.”

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.